முன்னால் குதித்த கால்

எனக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே குமட்டும். பஸ்ஸில் எவனாவது கைப்பேசியில் அதைப் போட்டால், நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்துவிடுவேன். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ள ஆரம்பித்தால், நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அடுத்தது உதறாட்டம்தான். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு முதலில் இறங்குவார். காலால் இரண்டு உதை, கையால் ஒரு பிடி, ஒரு உதறல், கையைத் தட்டிக்கொண்டு முன்னால் ஒரு குதி. அவர் பின்னால் சம்பந்தி, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் இடுப்பு வலிக்காரர்கள். பார்க்கச் சகிக்காது. வியர்வையும் சென்ட்டும் கலந்து ஒரு வாடை அடிக்கும். எனக்கு மட்டும் அதோடு இன்னொரு வாடையும் சேர்ந்து வரும். அது என்ன என்று அப்புறம் சொல்கிறேன்.

நாற்பத்தைந்து வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை ஆயுள்? என் தங்கைக்கே முப்பத்தைந்து வருடம்தான் கிடைத்தது.

போன மாதம் ஒரு புத்தகக்காரி என் வீட்டுக்கு வந்தாள். உதறாட்டத்தின் பண்பாட்டு வரலாற்றை எழுதுகிறாளாம். பண்பாடு என்கிற சொல்லை வாயில் மிட்டாய் போட்ட மாதிரி உருட்டி உருட்டிப் பேசினாள். தோளில் ஒரு துணிப்பை, அதன் மேல் பெரிய எழுத்தில் 'உதறு!' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததுமே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். என் நேரம், உட்காரச் சொன்னேன்.

"நீங்க அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல முப்பத்திரண்டு வருஷம் வேலை பாத்தீங்களாமேம்மா?"

"பாத்தேன். அதுக்கென்ன இப்போ?"

"ஆட்டம் பொறந்ததே அங்கதானேம்மா! வேலை செய்ற பெண்கள் சந்தோஷத்துல ஆடினதுன்னு..."

"எதுல?"

"சந்தோஷத்துலம்மா."

நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். எனக்குக் கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது.

சரி, கேட்டுத் தொலை என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பதினொரு ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணி எங்களிடம்தான் வரும். படுக்கை விரிப்பு, போர்வை, அறுவை அறைத் துணி. எல்லாம் மூட்டை மூட்டையாக வேனில் வந்து இறங்கும். ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்த விரிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் காலத்தில் இரண்டு நாள் கட்டிக் கிடந்த மூட்டையை அவிழ்த்திருக்கிறீர்களா? சீழ், வாந்தி, மூத்திரம், மருந்து எல்லாம் வெந்து ஒன்றாகி ஒரு வாடை கிளம்பும். கல்யாண வீட்டில் எனக்கு வருவதாகச் சொன்னேனே, அதுதான் இது. வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிடக் கையை வாய்க்குக் கொண்டு போனால் கைக்கு முன்னால் அது வந்து நிற்கும்.

வாடையாவது ஆளைக் கொல்லாது. ஊசி கொல்லும். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் ஊசி போட்டவர்கள் அதைக் கட்டிலிலேயே விட்டுவிடுவார்கள். விரிப்பைச் சுருட்டுகிறவர் கண்ணில் அது படாது. மூட்டைக்குள் ஒளிந்து எங்களிடம் வரும். ஊசி, பிளேடு, கண்ணாடிச் சில்லு, ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட். அதனால் பிரிக்கிற அறையில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. மூட்டையைப் பூட்ஸ் காலால் இரண்டு உதை உதைக்க வேண்டும். உள்ளே இருப்பது கீழே இறங்கும். விரிப்பின் இரண்டு முனையை மட்டும் விரல் நுனியால் பிடிக்க வேண்டும். பலமாக ஒரு உதறு. உதறின அதே நொடியில் இரண்டு காலையும் சேர்த்துப் பின்னால் ஒரு குதி. ஊசி விழுந்தால் காலுக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரையில் விழும். தரையைப் பார்க்க வேண்டும். இடுக்கியால் எடுத்துத் தகர டப்பாவில் போட வேண்டும். இவ்வளவுதான்.

அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்போம். ஒருத்தி உதறும்போது பக்கத்தில் நிற்பவள் இன்னும் குனிந்துகொண்டிருந்தால் இவள் ஊசி அவள் முகத்தில் போய் விழும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உதற வேண்டும், ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். எங்கள் மேஸ்திரியம்மா இடுக்கியால் தண்ணீர்க் குழாயில் டங் டங் என்று தட்டித் தாளம் கொடுப்பாள். கூடவே ரேடியோ ஒன்று மூலையில் பாடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஆட்டமாகத்தான் தெரியும். பயத்தில் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் துள்ளினால் அழகாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

புத்தகக்காரி எழுதுவதை நிறுத்தினாள்.

"பின்னாலயா குதிப்பீங்க? ஆட்டத்துல முன்னாலதானேம்மா குதிக்கிறாங்க?"

"ஆட்டத்துல என்ன வேணா பண்ணிக்கட்டும். அங்க முன்னால குதிச்சா விழுந்த ஊசி மேலயே போய் நிக்கணும்."

அவள் கண் மின்னியது. "அப்ப யாரோ திருப்பியிருக்காங்க! அதுதாம்மா முக்கியமான இடம். அந்தக் குதியாலதான் ஆட்டம் உலகத்தையே பிடிச்சுது. திருப்பினது யாரும்மா?"

"வேன்காரன்," என்றேன். "அவனைத்தான் இப்போ எல்லாரும் மாஸ்டர்னு கும்பிடறீங்களே."

பையிலிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு நடனக் கூடம், நெருக்கியடித்த கூட்டம், நடுவில் வேன்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டியபடி அந்தரத்தில் நிற்கிறாள். முகத்தைக் கை மறைத்திருக்கிறது. காலில் ரப்பர் பூட்ஸ்.

"இது யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியாது."

"பூட்ஸைப் பாத்தா உங்க கூடத்து ஆள் மாதிரி..."

"பன்னிரண்டு பேருக்கும் அதே பூட்ஸ்தான். தெரியாதுன்னா தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்தப் பெண் நான்தான்.

எனக்கு அப்போது இருபது வயது. வேன்காரன் மூட்டையை இறக்கிவிட்டு வாசலில் நின்று பீடி பிடிப்பான். நாங்கள் உதறுவதைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்து காட்டுவான். பன்னிரண்டு பேரும் சிரிப்போம். அதற்குத் தனியாகச் சாபம் விட வேண்டும்; முதலில் சிரித்தது நாங்கள்தான். ஒரு சனிக்கிழமை நடனக் கூடத்தில் போட்டி, ஜோடி வேண்டும், வருகிறாயா என்றான். வேலை முடிந்த கையோடு பூட்ஸைக் கூடக் கழற்றாமல் போனேன். அங்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம். இரண்டு உதை உதைத்தோம், பிடித்தோம், உதறினோம். அவன் பின்னால் குதித்து யாரோ ஒருவர் காலை மிதித்தான். எனக்குப் பின்னால் ஒரு தூண். பின்னால் போக இடமில்லை. முன்னால் குதித்தேன். பூட்ஸ் தரையில் விழுந்த சத்தத்துக்கு நானே பயந்துபோய்க் கையைத் தட்டினேன். கூடமே கத்தியது. எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

ஆறு மாதத்தில் ஊரே உதறியது. ரேடியோவில் அதற்கென்று ஒரு பாட்டு வந்தது. ஒரு தலைமையாசிரியர் பள்ளியில் தடை போட்டார்; தடை போட்டதனாலேயே மற்ற பள்ளிகளும் ஆடின. முழங்காலுக்குக் கெடுதல் என்று ஒரு டாக்டர் பத்திரிகையில் எழுதினார். இதயத்துக்கு நல்லது என்று இன்னொரு டாக்டர் பதில் எழுதினார். தேர்தலில் நின்ற ஒரு பெரிய மனிதர் மேடையில் உதறிக் காட்டி, இடுப்புப் பிடித்துப் படுத்து, படுத்துக்கொண்டே ஜெயித்தார். சோப்பு விளம்பரத்தில் வெள்ளை வெளேரென்ற பல்லோடு ஒருத்தி புதுப் போர்வையை உதறி முன்னால் குதித்தாள். அவள் உதறின போர்வையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வேன்காரன் வேலையை விட்டுவிட்டுத் தலைக்கு மை அடித்து மாஸ்டர் ஆகிவிட்டான். முன்னால் குதிக்கிற குதி யார் கண்டுபிடித்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் என்றான். நான் மறுக்கவில்லை. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

என் தங்கைக்கு அப்போது பதினேழு. நாங்கள் இருந்த மாடி வீட்டின் நடையில், வீட்டுப் போர்வையைக் கையில் கொடுத்து அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். உதை, பிடி, உதறு, முன்னால் குதி. கீழ்வீட்டுக்காரர் கூரையைக் கழியால் இடிக்கிற வரைக்கும் குதித்தாள். விடாமல் மூன்று வருடம் ஆடினாள். பல் விளக்கிக்கொண்டே ஆடுவாள்.

இருபது வயதில் அவளும் சலவைக்கூடத்துக்கு வேலைக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பூட்ஸ் தருவார்கள். ஓடிப் போகிறவளுக்கு எதற்குப் பூட்ஸ் என்பது நிர்வாகத்தின் நியாயம். துணி ஷூவோடு நாலாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் இரண்டு பேர் தள்ளி. பின்னால் குதி, பின்னால் குதி என்று மூன்று நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன், சரியாகத்தான் செய்தாள். நாலாம் நாள் மேஸ்திரியம்மா மாடிக்குப் போயிருந்தாள். அந்தப் பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்துவது அவள் வழக்கம். அன்றைக்கு நிறுத்த ஆள் இல்லை. பாட்டு வந்தது. பதினொரு பேர் பின்னால் குதித்தோம். என் தங்கை கையைத் தட்டிக்கொண்டு முன்னால் குதித்தாள். கீழே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

ஊசி சின்னதுதான். யார் உடம்பில் ஏறி இறங்கிய ஊசியோ. பத்து நிமிடத்தில் வலி போய்விட்டது என்றாள். நாலு மாதத்தில் கண் மஞ்சளானது. அது சரியானதாக நினைத்துக் கல்யாணம் செய்து வைத்தோம். ஒரு பெண் பிறந்தாள். அதற்குப் பிறகு கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, அவள் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பத்து வயது. அவள் புருஷன் வருடம் திரும்புவதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணை நான் வளர்த்தேன். இன்றைக்கு அவளுக்கு முப்பத்தேழு வயது. இன்னும் எனக்குக் குட்டிதான்.

பத்து வயதில் அவள் என்னிடம் கேட்டாள். "அம்மா ஏன் முன்னால குதிச்சா பெரியம்மா?"

"ஆட்டத்துல அப்படிப் பழகிட்டா."

"ஆட்டத்துல ஏன் முன்னால குதிக்கணும்?"

"அந்த வேன்காரன் மாத்திட்டான்," என்றேன். அவன்தான் ஊர் முழுக்க அப்படிச் சொல்லித் திரிந்தானே. அவன் பொய் எனக்கு வசதியாக இருந்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டேன். குழந்தை நம்பியது. எனக்கு வேறு யாரும் கிடையாது. அவளுக்கும் என்னை விட்டால் ஆள் கிடையாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். என்றைக்காவது இது இவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

குட்டி இப்போது பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி வைத்திருக்கிறாள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்கு யார் எந்தச் சுவரில் மோதினாள் என்று சொல்லிச் சிரிப்பாள். புத்தகக்காரி வந்து போன அன்றும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு அம்மா இன்னைக்கு பிரேக்குக்கு பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டாங்க பெரியம்மா. அவங்க வீட்டுக்காரர் தப்பா சொல்லிக் குடுத்திருக்கார். நான் பத்து நாளா மாத்திச் சொல்றேன், நல்லாத்தான் ஓட்டினாங்க. குறுக்க ஒரு நாய் வந்துச்சு, அவ்வளவுதான். முதல்ல படிஞ்சதுதான் கால்ல நிக்கும். பயந்தாலும் சரி, சந்தோஷப்பட்டாலும் சரி, கால் மூளையைக் கேக்காது. நான் கத்துக்க வர்றவங்களைத் திட்டவே மாட்டேன். முதல்ல தப்பா கத்துக் குடுத்தவனைத்தான் உதைக்கணும்."

நான் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் புத்தகக்காரி கொடுத்துவிட்டுப் போய் மேஜை மேல் கிடந்த அழைப்பிதழை எடுத்துவிட்டாள். சமையலறைக் குப்பைக்கூடையில் போட வேண்டியதை மேஜையிலேயே வைத்தது என் மடத்தனம். மூடிப் பதினைந்து வருடமான எங்கள் சலவைக்கூடத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு உதறாட்டக் கண்காட்சி திறப்பு விழா. மாஸ்டர் வருகிறார்.

"நாம போறோம்," என்றாள்.

"எனக்கு முட்டி வலி. அந்தக் கர்மத்தை எவ பாப்பா? வேண்டாம்."

"நீங்க வேணா இருங்க. நான் போறேன். எனக்கு அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். இருபத்தேழு வருஷமா வச்சிருக்கேன்."

"அவன்கிட்ட போய் என்னத்தக் கேட்டுக்கிட்டு! கிழவன். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கான்."

"அதனாலதான் இப்பவே கேக்கணும்."

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். தனியாக அவளை அவன் முன்னால் விடுவதைவிடக் கூடப் போவது மேல் என்று கடைசியில் கிளம்பினேன். ஏதாவது செய்து வாயை மூடலாம், மயங்கி விழலாம் என்றெல்லாம் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

வாசலிலேயே குமட்டியது. நல்ல வாசனையாக இருந்தது, அதனால்தான். பிரிக்கிற அறை முழுக்க ஏதோ பூ வாசனையை அடித்துவிட்டிருந்தார்கள். ரத்தத் தண்ணீர் ஓடிய சாக்கடையைக் கண்ணாடியால் மூடி அடியில் நீல விளக்குப் போட்டிருந்தார்கள். உத்தரத்திலிருந்து வெள்ளை மூட்டைகளைத் தொங்கவிட்டு உள்ளே பஞ்சு அடைத்திருந்தார்கள். ஒரு பெண் அதில் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். மேஸ்திரியம்மா தட்டிய குழாயில் காகிதப் பூக்கள். சுவரில் ஒரு பலகை: 'இக்கூடத்தின் உழைக்கும் பெண்கள் தம் களிப்பை இந்த அசைவில் வெளிப்படுத்தினர்.' நான் புத்தகக்காரியிடம் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அவளுக்குக் களிப்பாகத்தான் கேட்டிருக்கிறது. அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

தரையில் தங்க நிறத்தில் காலடித் தடங்கள் வரைந்திருந்தார்கள். அதன் மேல் கால் வைத்து நடந்தால் ஆட்டம் வந்துவிடுமாம். கடைசித் தடம் முன்னால் பார்த்திருந்தது.

"அம்மா எங்க நின்னா?" என்று குட்டி கேட்டாள்.

"நாலாவது தூண்."

அங்கேயும் ஒரு ஜோடித் தங்கத் தடம் இருந்தது. ஒருவர் தன் மனைவியைப் படம் பிடிக்க, அந்தம்மா அதில் கால் வைத்துக் கையைத் தட்டிக் குதித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போகிற வரை குட்டி காத்திருந்தாள். பிறகு அந்தத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டாள். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. என்னைப் பிடித்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வேன்காரன் மேடைக்கு வந்தான். எழுபத்து மூன்று வயது. கரிக்கட்டை மாதிரி மையடித்த தலை, வெள்ளை ஷூ, சிரித்தால் வரிசையாகப் பொய்ப்பல். அவனுக்குப் பின்னால் அந்தப் புகைப்படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். என் பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம் இருந்தது. அவன் அரைமணி நேரம் தன் புகழைத் தானே பாடினான். கேள்வி நேரம் என்றார்கள். குட்டி கையைத் தூக்கினாள். நான் மயங்கி விழுவதாக இருந்தேன்; அதற்குள் அவள் கைக்கு மைக் போய்விட்டது.

"ஐயா, ஒரே கேள்வி. சலவைக்கூடத்துல பின்னால குதிச்சாங்க. ஆட்டத்துல அதை முன்னால திருப்பினது நீங்கதானா?"

கூடம் சிரித்தது. ஊருக்கே தெரிந்த கதையைக் கேட்கிறாளே என்று. வேன்காரன் சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இத்தனை வருஷத்துல இப்படி யாரும் நேரா கேட்டதில்லம்மா. நீங்கதானேன்னு கேப்பாங்க, நானும் ஆமாம்பேன். வயசாயிடுச்சு. இனிமே இந்தப் பொய்யை எங்க தூக்கிட்டுப் போறது?" திரும்பிப் படத்தைக் காட்டினான். "அந்தக் குதி என்னோடது இல்ல. நான் பின்னாலதான் குதிச்சேன், ஒருத்தர் காலை மிதிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன். முன்னால வந்தது இந்தப் பொண்ணு. ரப்பர் பூட்ஸோட. உலகம் பூரா இன்னைக்கு ஆடறது இவளோட குதி. அவ பேரை நான் நாப்பத்தஞ்சு வருஷம் தின்னுட்டேன். இப்ப திருப்பிக் குடுத்துடறேன். அதோ இருக்கா, மூணாவது வரிசை, நீலப் புடவை! எழுந்திரும்மா! எல்லாரும் கை தட்டுங்க!"

அந்தப் பயலை என்னவென்று சொல்வது? வாழ்நாள் முழுக்கத் திருடியவனுக்கு நல்லவனாக இந்த ஒரு நாள்தானா கிடைத்தது? இன்னும் ஒரு பத்து வருடம் அந்தத் திருட்டை வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அவன் கண்ணில் தண்ணீர். உண்மையாகவே எனக்கு ஏதோ பரிசு கொடுத்துவிட்டதாக நினைத்து அழுதான். புத்தகக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு குதித்தாள். முன்னூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். யாரோ என் கன்னத்தைத் தடவினார்கள். பூ வாசனைக்கு நடுவே எனக்கு அந்தப் பழைய வாடை வந்தது. மூட்டையிலிருந்து வரவில்லை, என் மேலிருந்தே வந்தது.

நான் நாலாவது தூணைப் பார்த்தேன். குட்டி கை தட்டவில்லை. மைக்கைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இருபத்தேழு வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகத்தோடு வந்தாள்.

"பெரியம்மா. அம்மாவுக்கு இதை யாரு கத்துக் குடுத்தா?"

பொய் சொல்ல இடமிருந்தது. ஊரே ஆடியது, யாரிடமோ கற்றுக்கொண்டாள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எனக்கே அது நாறியது.

"நான்தான்," என்றேன். "வீட்டு நடையில. போர்வையை வச்சு. நான்தான்டி கத்துக் குடுத்தேன்."

கைதட்டலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று ஒரு நொடி நினைத்தேன். கேட்டிருந்தது. அவள் திரும்பி அந்தத் தூணுக்கே போய் நின்றாள்.

மேடையில் வேன்காரன் கையைத் தூக்க, ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு தொடங்கியது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். என்னைச் சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். இரண்டு உதை. ஒரு பிடி. உதறினார்கள். முன்னூறு பேரும் கையைத் தட்டிக்கொண்டு ஒன்றாக முன்னால் குதித்தார்கள்.

குட்டி மட்டும் என்னைப் பார்த்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள்.